நாம் எடிட் செய்யும் ஆப்பைப் பெரிய கம்பெனி வாங்கிவிட்டால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுக்குப் படம் எடுக்கப் போகும் எங்கள் கும்பலில் பதினைந்து இருபது பேர் இருக்கிறோம். கல்யாண போட்டோகிராபர், தாம்பரத்தில் படிக்கும் இன்ஜினியரிங் பையன், வீட்டிலிருந்தே சேலை விற்கும் மயிலாப்பூர் அக்கா என்று எல்லா வகையும் உண்டு. போன வாரம் ஒரு பிரபல எடிட்டிங் ஆப்பைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போகிறது என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு வதந்தியைத் தட்டிவிட, வஞ்சிரம் ஏலத்தைக்கூட விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். திருவல்லிக்கேணியில் ஆல்பம் டிசைனும் டச்சப்பும் செய்து பிழைப்பவன், இப்படி நாலைந்து ஆப் கை மாறியதைப் பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆளுக்கொரு வாய்ஸ் நோட் போட்டு மாளாது என்பதால் கேட்டதையும் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: வாங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்த மறுநாள் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஆப் திறக்கும், படம் சேவ் ஆகும், அந்த கம்பெனியின் வலைத்தளத்தில் "இந்தப் பயணத்தில் எங்களோடு இருந்ததற்கு நன்றி" என்கிற மாதிரி ஒரு கடிதம் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு சொல். 2024 நவம்பரில் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் இருக்கும், பிக்சல்மேட்டர் என்ற எடிட்டிங் ஆப்பைச் செய்த குழு தங்களை ஆப்பிள் வாங்கப்போகிறது என்று அறிவித்தபோது, ஆப்களில் "இப்போதைக்கு" பெரிய மாற்றம் எதுவும் இருக்காது என்று எழுதினார்கள். அந்த "இப்போதைக்கு"வைத்தான் சொல்கிறேன். பொய் இல்லை, ஆனால் வாக்குறுதியும் இல்லை. வீட்டுக்காரர் மாறும்போது புது ஓனர் "இப்போதைக்கு வாடகை அதே வாடகைதான் சார்" என்று சொல்வாரே, அதேதான்.

கேள்வி: இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு எடிட்டிங் ஆப் செய்யத் தெரியாதா? ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

தெரியும். ஆனால் நேரம் இருக்காது. சில சமயம் பயம் இருக்கும். 2012ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரல் 9ஆம் தேதி, பதிமூன்றே பேர் வேலை பார்த்த இன்ஸ்டாகிராமை நூறு கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது (கடைசியில் ஃபேஸ்புக்கின் பங்கு விலை இறங்கிப்போய், கைமாறியபோது மதிப்பு சுமார் 71.5 கோடி டாலராகிவிட்டது, அது வேறு கதை). அப்போது கூகுள் தன்னுடைய கூகுள் பிளஸ்ஸை எப்படியாவது தூக்கி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டோ இல்லாமல் எந்த சோஷியல் நெட்வொர்க்கும் ஓடாது என்பது எல்லோருக்கும் புரிந்திருந்த நேரம். அதே வருடம் செப்டம்பர் 17 அன்று நிக் சாஃப்ட்வேரை கூகுள் வாங்கியதாகச் செய்தி வந்தது. நம்மில் பாதிப் பேர் போனில் வைத்திருக்கும் ஸ்னாப்சீடைச் செய்தவர்கள் அவர்கள்தான். 2011இல் ஐபேடின் சிறந்த ஆப் என்று ஆப்பிளே தேர்ந்தெடுத்த ஆப் அது.

ஆனால் நிக்கிடம் ஸ்னாப்சீடைவிடப் பெரிய சரக்கு ஒன்று இருந்தது. யூ பாயிண்ட் என்பார்கள். படத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த நிறம் உள்ள பகுதியை மட்டும் தானாகப் பிடித்து வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம். மாஸ்க் போட்டு ஓரம் வெட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பட்டுப்புடவையின் அரக்கை மட்டும் கொஞ்சம் தூக்க வேண்டும், மணப்பெண் முகத்தைத் தொடக்கூடாது என்கிற வேலையெல்லாம் இதில் அரை நிமிஷம். நிக்கான் கேமராக்காரர்கள் தங்கள் கேப்சர் என்எக்ஸ் மென்பொருளில் இதைத்தான் வைத்திருந்தார்கள்.

ஆக, ஆப்பை வாங்குகிறார்கள் என்று நாம் சொல்கிறோம், உண்மையில் வாங்குவது ஆளை, அந்த வித்தையை, அப்புறம் எதிரி கைக்கு அது போகக்கூடாது என்கிற நிம்மதியை. ஆப் என்பது கூடவே வரும் பாத்திரம் பண்டம் மாதிரி. அதை வைத்துக்கொள்வதா எடைக்குப் போடுவதா என்று பிறகு முடிவு செய்வார்கள்.

கேள்வி: நான் காசு கொடுத்து வாங்கிய ஆப்பை இலவசமாக்கிவிட்டார்கள். என் பணம்?

போச்சு. ஸ்னாப்சீட் 4.99 டாலராக இருந்தது, டாலர் 54, 55 ரூபாய் விற்ற காலம் அது. 2012 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்து, ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இலவசம் என்றார்கள். முந்தின மாதம் வாங்கியவர்கள் வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 2016 மார்ச்சில், நிக் சாஃப்ட்வேரின் கணினி மென்பொருள் தொகுப்பான நிக் கலெக்‌ஷனை இலவசமாக்கியபோது அந்த வருடம் பணம் கட்டி வாங்கியவர்களுக்கு கூகுள் தானாகவே திருப்பிக் கொடுத்தது. பிக்னிக் என்று ஓர் ஆன்லைன் எடிட்டர் இருந்தது, அதை மூடும்போதும் சந்தா கட்டியவர்களுக்குப் பணம் திரும்ப வந்தது. எனவே ரசீது மெயிலை மட்டும் அழிக்காதீர்கள்.

கேள்வி: இலவசம் என்றால் நமக்கு நல்லதுதானே, அண்ணா?

தாம்பரம் தம்பி கேட்டது. கல்லூரி ஹாஸ்டலில் இருப்பவனிடம் இலவசம் கெட்டது என்று சொன்னால் அடிக்க வருவான், நியாயம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நிக் கலெக்‌ஷன் என்பது கணினியில் போட்டோஷாப், லைட்ரூமோடு சேர்ந்து ஓடும் பிளக்இன் தொகுப்பு. கருப்பு வெள்ளைக்கு சில்வர் எஃபெக்ஸ், கலருக்கு கலர் எஃபெக்ஸ், நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) குறைக்க டிஃபைன் என்று தனித்தனியாக இருக்கும். கூகுள் வருவதற்கு முன்னால் முழுத் தொகுப்பு 499 டாலர் வரை போனது. அன்றைய கணக்கில் 27,000 ரூபாய். சென்னையில் எத்தனை ஸ்டுடியோவில் அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள், எத்தனை ஸ்டுடியோவில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்த சிடியில் ஓட்டினார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. 2013 மார்ச்சில் அதை 149 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வருடம் கழித்து, மேலே சொன்னபடி, முழுசும் இலவசம். எங்கள் தெருவில் அன்றைக்குத் தீபாவளிதான். டிசைனர் பசங்க எல்லோரும் முதன்முறையாக ஒரிஜினல் மென்பொருள் வைத்திருந்தார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? அடுத்த வருடம், 2017 மே மாதம், இதற்கு மேல் எந்த அப்டேட்டும் தரும் திட்டம் இல்லை என்று அந்த மென்பொருளின் இணையப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறிவிப்பைப் போட்டுவிட்டார்கள். விலை 499இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியதை நாமெல்லாம் தாராளம் என்று நினைத்தோம். அது கடையைக் காலி செய்யும் தள்ளுபடி என்று பிறகுதான் புரிந்தது.

நல்ல வேளையாக 2017 அக்டோபரில் பிரான்ஸைச் சேர்ந்த டிஎக்ஸ்ஓ என்ற கம்பெனி அதை கூகுளிடமிருந்து வாங்கிக்கொண்டது. 2018இல் மறுபடி காசு வாங்க ஆரம்பித்தார்கள், அன்றிலிருந்து ஒழுங்காகப் புதுப் பதிப்பும் வருகிறது. பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. காசு வாங்குகிறவன் போனை எடுப்பான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்வார்கள். அந்த மாட்டை நம்பித்தான் வண்டி ஓட்டப்போகிறோம் என்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆப்பை உருவாக்கியவருக்கு நாம் தரும் பணத்தில்தான் சம்பளம் என்று இருக்கும் வரை, ஒரு பிழை வந்தால் அது அவருக்குத் தலைவலி. இலவசமானதும் நம் பணம் அங்கே யாருக்கும் தேவையில்லை, எனவே நம் தலைவலி நம்மோடு.

கேள்வி: அப்படியானால் ஸ்னாப்சீட் செத்துப்போய்விட்டதா?

இல்லை, அதுதான் வேடிக்கை. எந்த கூகுள் பிளஸ்ஸுக்காக வாங்கினார்களோ, அதைப் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். ஸ்னாப்சீட் இருக்கிறது. பெரியப்பா வீட்டில் தங்கிப் படிக்கும் பையன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, என்ன படிக்கிறாய் என்று கேட்பார் இல்லை. மேக், விண்டோஸ் கணினிகளுக்கு இருந்த பதிப்பை 2013லேயே நிறுத்திவிட்டார்கள். போனுக்கு 2015 ஏப்ரலில் 2.0 வந்தது, அதில் எடிட் ஒவ்வொன்றையும் அடுக்காகப் பின்னால் போய்த் திருத்தும் வசதி வந்தது, அருமையான வேலை. அதன்பிறகு பல வருடம் பெரிதாக ஒன்றுமில்லை. திடீரென்று 2025 ஜூனில் ஐபோனுக்கு 3.0 வந்து எல்லோரையும் திகைக்க வைத்தது. பத்து வருடம் தூங்கிய பிள்ளை எழுந்து பல் தேய்த்த மாதிரி.

விளம்பரம் கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, காசு கிடையாது. இத்தனை வருடம் இப்படி ஓர் இலவச ஆப் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் பெரிய கம்பெனி இருப்பதும் ஒரு காரணம்தான், அதை மறைக்கக் கூடாது. (எச்டிஆர் ஸ்கேப் ஃபில்டரை மட்டும் மனித முகத்தில் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் சித்தப்பா கபாலீஸ்வரர் கோயில் தூண் மாதிரி ஆகிவிடுகிறார்.)

கேள்வி: மூடப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். பிக்னிக்கை 2010 மார்ச்சில் கூகுள் வாங்கியது, 2012 ஏப்ரல் 19இல் மூடியது, இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஜனவரியிலேயே அறிவித்து, படங்களை மொத்தமாக இறக்கிக்கொள்ள வழியும் செய்து கொடுத்தார்கள், அந்த வகையில் கௌரவமான சாவு. கணினியில் படங்களை அடுக்கி வைத்து எடிட் செய்ய உதவிய பிகாசா வேறு மாதிரி. 2004இல் வாங்கினார்கள், பன்னிரண்டு வருடம் ஓடியது, 2016 மார்ச் 15உடன் கணினிப் பதிப்புக்கு ஆதரவை நிறுத்தினார்கள். அதற்கு முந்தின வருடமே, 2015 மேயில், கூகுள் போட்டோஸ் வந்துவிட்டது. அதாவது ஒரே வீட்டில் ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் பழையவர் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம்.

நான் பார்க்கும் அறிகுறி இதுதான்: ஆப்பில் இருந்த நல்ல வசதி ஒன்று கம்பெனியின் சொந்த ஆப்புக்குள் எட்டிப்பார்க்க ஆரம்பித்தால் கவனமாகிவிடுவேன். அப்புறம் "பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்ற ஒரே வரி மட்டும் அப்டேட் குறிப்பில் திரும்பத் திரும்ப வருவது. உதவி கேட்டு எழுதினால் பதில் சொன்ன மனிதரின் பெயர் போய், தானியங்கி மெயில் வருவது. அந்தக் கட்டத்தில் மாற்று ஆப்பைத் தேடத் தொடங்கிவிடலாம், அவசரம் இல்லாமல்.

கேள்வி: என் படங்கள் எல்லாம் அந்த கம்பெனிக்குச் சொந்தமாகிவிடுமா?

மயிலாப்பூர் அக்காவின் கவலை இது. சேலை கட்டி நிற்பது அவர் மகள்.

சொந்தமாகாது. படத்தின் காப்புரிமை யாரிடம் இருந்ததோ அவரிடம்தான் இருக்கும், ஆப் விற்கப்பட்டதால் அது மாறாது. ஆனால் சொந்தம் வேறு, அனுமதி வேறு. சர்வரில் படத்தை ஏற்றும் எந்தச் சேவையும், அந்தப் படத்தை வைத்துக்கொள்ளவும் காட்டவும் நம்மிடம் ஓர் அனுமதி வாங்கிக்கொள்கிறது, நாம் படிக்காமல் "சம்மதம்" அழுத்துகிறோமே, அங்கே. அந்த அனுமதி எவ்வளவு அகலம் என்பதுதான் விஷயம். இன்ஸ்டாகிராம் கைமாறிய சில மாதங்களில், 2012 டிசம்பரில், விதிகளைத் திருத்தினார்கள். நம் படங்களை விளம்பரத்துக்கு விற்பார்கள் போல என்று படிக்க இடம் கொடுத்தது அந்த வாசகம். ஊரே கொந்தளிக்க, அப்படி ஓர் எண்ணமே இல்லை என்று சொல்லி அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். கத்தினால் காது கேட்கிறது என்பதற்கு அது ஓர் உதாரணம், எப்போதும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஆப்பின் தனியுரிமைக் கொள்கையில் "கம்பெனி விற்கப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ பயனர் தகவல்களும் புதிய உரிமையாளருக்குப் போகும்" என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இப்போதே இருக்கும். விற்ற பிறகு சேர்ப்பதில்லை. எனவே போனுக்குள்ளேயே எடிட் செய்யும் ஆப்பா, படத்தை சர்வருக்கு அனுப்பி எடிட் செய்யும் ஆப்பா என்று பாருங்கள். ஃப்ளைட் மோடில் போட்டு ஒரு படத்தை எடிட் செய்து பாருங்கள், வேலை செய்தால் பெரும்பாலும் போனுக்குள்ளேயே நடக்கிறது. பின்னணியை மாற்றும், வயதைக் குறைக்கும் ஏஐ வித்தைகள் பல சர்வரில்தான் நடக்கின்றன.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகளை 2025 நவம்பரில்தான் அறிவித்தார்கள், கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை அதில் உண்டு. அதுவரை, அக்கா, மகள் முகம் தெரியாமல் பார்டரையும் முந்தானையையும் எடுங்கள், வாங்குகிறவர்கள் பார்ப்பதும் அதைத்தானே.

கேள்வி: அரசாங்கம் இதையெல்லாம் தடுக்காதா?

சின்ன விலைக்குப் போகும் ஆப்பை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் 2024 செப்டம்பர் 10 முதல், 2,000 கோடி ரூபாய்க்கு மேல் போகும் பேரம், வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான தொழிலும் இருந்தால், போட்டி ஆணையத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறது. எடிட்டிங் ஆப் ஒன்றுக்கு அவ்வளவு கொடுப்பது அபூர்வம்.

கேள்வி: எடிட் செய்து வைத்த பழைய படங்களை எப்படிக் காப்பாற்றுவது?

இதில் நானே அடி வாங்கியவன். பெயர் வேண்டாம், ஓர் ஆப்பின் சொந்த ஃபார்மட்டில் ஒரு வளைகாப்பு ஆல்பத்தின் நாற்பது பக்கத்தையும் அப்படியே விட்டு வைத்திருந்தேன், பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பிய பிரதியைக்கூட அழித்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அந்தக் குழந்தைக்குக் காது குத்து, அதே டிசைனில் ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். ஆப் புது போனில் இறங்கவே இல்லை. அந்தப் பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

விஷயம் என்னவென்றால், பல ஆப்கள் மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. "வெளிச்சம் இவ்வளவு, நிறம் இவ்வளவு" என்ற குறிப்பை மட்டும் எங்கோ எழுதி வைத்துக்கொண்டு, திறக்கும்போது அதைப் போட்டுக் காட்டும். பிகாசா அந்தக் குறிப்புகளை ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஃபைலில் வைத்திருந்தது, படங்களை மட்டும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போனவர்களுக்குப் படம் வந்தது, வேலை வரவில்லை. எனவே வேலை முடிந்ததும் மூலப் படம் தனியாக, எடிட் செய்ததை முழு அளவு ஜேபெக் ஆகவோ டிஃப் ஆகவோ ஏற்றுமதி செய்து தனியாக, இரண்டையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கிளவுடை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: கூகுள் போட்டோஸ் ஒரு காலத்தில் வரம்பில்லாத இலவச இடம் தந்தது, 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபி கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

ப்ரீசெட் (ஒரே தட்டில் போட்டுக்கொள்ளச் சேமித்து வைத்த எடிட் அளவுகள்) வைத்திருப்பவர்கள் அதன் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிரிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் போதும்.

கேள்வி: சந்தா கட்டுகிறேன். வருடச் சந்தாவைப் புதுப்பிக்கலாமா?

கைமாறும் நேரத்தில் மாதச் சந்தாவுக்கு மாறிக்கொள்ளுங்கள், கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. பிக்சல்மேட்டர் ப்ரோவை ஒரே தடவை காசு கட்டி வாங்கும் ஆப்பாகத்தான் எல்லோரும் அறிவார்கள். 2026 ஜனவரியில் ஆப்பிள் அதைத் தன் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ, இசை மென்பொருளான லாஜிக் ப்ரோவோடு சேர்த்து ஒரு மாதச் சந்தாக் கட்டில் வைத்தது. மேக்கில் ஒரே தடவை வாங்கும் வழியும் இருக்கிறது. நான் பயந்த அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

கேள்வி: அந்த ஆப்பைச் செய்தவர்கள் என்ன ஆவார்கள்?

சிலர் பெரிய கம்பெனியிலேயே கரைந்துபோவார்கள், சிலர் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளியே வந்து அதே மாதிரி இன்னொன்று செய்வார்கள். பிக்னிக்கில் இருந்தவர்கள் 2012இல் பிக்மங்கி என்று ஆரம்பித்தார்கள், பிக்னிக் போன துக்கத்தில் இருந்தவர்கள் நேராக அங்கே போனார்கள். அதையும் 2021இல், படங்களை உரிமத்தோடு விற்கும் ஷட்டர்ஸ்டாக் கம்பெனி வாங்கியது. எனவே ஆப்பின் பெயரைப் பின்தொடர்வதைவிட அதைச் செய்த ஆட்களைப் பின்தொடர்வது உபயோகம்.

கேள்வி: சரி, கடைசியாக ஒன்று. இப்போது எந்த ஆப்பை வைத்துக்கொள்வது?

கையில் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள், வதந்திக்காக யாரும் மாற வேண்டாம். அடுத்த ஞாயிறு ஐந்தரை மணிக்குக் காசிமேட்டில் பார்ப்போம், ஹார்ட் டிஸ்க் காப்பி எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு டீ என் கணக்கு.